சுஜாதா (எழுத்தாளர்)

சுஜாதா என்ற புனைபெயரால் அறியப்பட்ட எஸ். ரங்கராஜன் (மே 3, 1935 - பெப்ரவரி 27, 2008) தமிழின் புகழ்பெற்ற எழுத்தாளர்களுள் ஒருவரும், மின்னணுப் பொறியாளரும் ஆவார். சிறுகதை, புதினம், நாடகம், அறிவியல் கட்டுரை, திரைப்பட உரையாடல் எனப் பல துறைகளிலும் எழுதியவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது, இந்தியத் தேர்தல்களில் பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். இப்பணிக்காக வாஸ்விக் விருது பெற்றார். அவ்வியந்திரத்தின் நம்பகத்தன்மை குறித்த வாதங்கள் அவர் வாழ்நாளிலேயே தொடங்கி, மறைவுக்குப் பின்னரும் நீடித்து வருகின்றன.

இளமையும் கல்வியும்

ரங்கராஜன் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தையின் பணியிட மாற்றங்கள் காரணமாக, திருவரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். அவ்வூரின் தெருக்களும் மனிதர்களும் பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்து தேவதைகள் என்ற சிறுகதைத் தொகுப்பில் இடம்பெற்றனர். திருவரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தபின், திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர் சென்னை குரோம்பேட்டையிலுள்ள சென்னை தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் இவ்விரு கல்லூரிகளிலும் இவர் காலத்தில் பயின்றவர். கலாம் வானூர்தியியலையும் ரங்கராஜன் மின்னணுவியலையும் தேர்ந்தெடுத்தனர்.

பணி வாழ்க்கை

படிப்பு முடிந்ததும் நடுவண் அரசின் வான்வழிப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்து, தில்லி உள்ளிட்ட இடங்களில் பணியாற்றினார். பின்னர் பெங்களூரில் உள்ள பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்தார். ரேடார், தகவல் தொடர்புச் சாதனங்கள் முதலியவற்றைப் பாதுகாப்புப் படைகளுக்காகத் தயாரித்து வந்த அந்நிறுவனத்தில், ஆய்வு மற்றும் மேம்பாட்டுப் பிரிவின் பொது மேலாளர் நிலைவரை உயர்ந்தார். ஓய்வு பெற்றபின் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

எழுத்துப் பணி

ரங்கராஜனின் முதல் சிறுகதை 1953ஆம் ஆண்டு சிவாஜி இதழில் வெளிவந்தது. 1960களில் குமுதம் இதழில் எழுதத் தொடங்கினார். அவ்விதழில் ரா. கி. ரங்கராஜன் என்ற மூத்த எழுத்தாளர் இருந்தமையால், பெயர்க் குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராக ஏற்றார். 1968இல் வெளியான நைலான் கயிறு என்ற தொடர்கதை இவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. வழக்கறிஞர்களான கணேஷ், வசந்த் ஆகிய கதைமாந்தர்கள் இடம்பெற்ற துப்பறியும் கதைகள் பெரும் வரவேற்பைப் பெற்றன.

அறிவியலை எளிய தமிழில் சொல்வதில் இவர் தனித்த ஈடுபாடு காட்டினார். ஏன்? எதற்கு? எப்படி? என்ற கேள்வி பதில் பகுதி, சிலிக்கன் சில்லுப் புரட்சி, தலைமைச் செயலகம் ஆகியவை மாணவர்களிடையே பரவலாக வாசிக்கப்பட்டன. கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் பல ஆண்டுகள் எழுதினார். அறிவியலை அச்சு ஊடகத்தின் வழியே மக்களிடம் கொண்டு சென்றமைக்காக, நடுவண் அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழுமம் 1993இல் இவருக்கு விருது வழங்கியது. தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருதையும் பெற்றார்.

1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்த என் இனிய இயந்திரா என்ற அறிவியல் புதினம், ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் எதிர்கால இந்தியாவைச் சித்தரிக்கிறது. அந்நாட்டில் மக்களின் வாழ்க்கை கணினிகளின் கட்டுப்பாட்டில் இருக்கும். இயந்திரம் யாருடைய கையில் உள்ளது என்ற வினா அப்புதினத்தின் அடிநாதமாகும். வாக்குப்பதிவு இயந்திரம் நாட்டில் அறிமுகமாகி வந்த அதே காலப்பகுதியில், அவ்வியந்திரத்தை உருவாக்கிய பொறியாளர்களுள் ஒருவர் இக்கதையை எழுதியது குறிப்பிடத்தக்கது.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்

பின்னணி

வாக்குச்சீட்டு முறையில் வாக்காளர் சீட்டில் முத்திரை பதித்து, மடித்துப் பெட்டியில் இட வேண்டும். முத்திரை இரு சின்னங்களுக்கு இடையே விழுந்தாலோ, மடிக்கும்போது மை மறுபக்கம் ஒட்டினாலோ, வாக்கு செல்லாததாகக் கருதப்பட நேர்ந்தது. எண்ணிக்கை பல மணி நேரம், சில இடங்களில் ஒரு நாளுக்கும் மேலாக நீடித்தது. இவற்றைவிடப் பெரிய சிக்கல், வாக்குச்சாவடியைக் கைப்பற்றுதல் ஆகும். ஒரு கும்பல் சாவடிக்குள் புகுந்தால், சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான சீட்டுகளில் முத்திரை குத்திப் பெட்டியை நிரப்பிவிட முடிந்தது.

1977ஆம் ஆண்டு தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எஸ். எல். சக்தர் காலத்தில், மின்னணு இயந்திரம் பற்றிய எண்ணம் ஆணையத்தில் உருவானது. ஐதராபாத்தில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேசன் ஆஃப் இந்தியா நிறுவனத்திடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. அந்நிறுவனம் 1979இல் ஒரு மாதிரியை உருவாக்க, 1980 ஆகத்து 6 அன்று அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகள் முன் ஆணையம் அதனை இயக்கிக் காட்டியது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தனியே ஓர் இயந்திரத்தை உருவாக்கியிருந்தது. 1981இல் அந்நிறுவனமும் ஆணையத்தின் திட்டத்தில் இணைந்தது.

ரங்கராஜனின் பங்கு

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் சுஜாதா என்று தமிழகத்தில் பரவலாகக் கூறப்படுவதுண்டு. இது முழுமையான கூற்று அன்று. இவ்வியந்திரம் இரு பொதுத்துறை நிறுவனங்களின் பொறியாளர் குழுக்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. எம். பி. ஹனீபா என்பவரும் 1980இல் மின்னணு வாக்கு எண்ணும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை கோரியிருந்தார். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த இயந்திரத்தின் வடிவமைப்பு, தயாரிப்பு ஆகியவற்றில் முக்கியப் பொறுப்பு வகித்தவர் என்பதே ரங்கராஜனுக்கு உரிய இடமாகும். வாஸ்விக் விருது இப்பங்களிப்புக்காகவே வழங்கப்பட்டது.

அமைப்பும் செயல்பாடும்

இயந்திரம் இரு பகுதிகளைக் கொண்டது. கட்டுப்பாட்டுக் கருவி வாக்குச்சாவடி அலுவலரின் மேசை மீது இருக்கும். வாக்களிக்கும் கருவி மறைவிடத்தில் வைக்கப்படும். இரண்டும் 5 மீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தால் இணைக்கப்படும். அலுவலர் தம் கருவியில் உள்ள பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஒரு வாக்குக்கு வழி திறக்கும். வாக்காளர் சின்னத்தின் எதிரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்து, நீண்ட ஒலி எழும். அதன்பின் எத்தனை முறை அழுத்தினாலும், அலுவலர் மீண்டும் அனுமதிக்கும்வரை அடுத்த வாக்கு பதிவாகாது.

வடிவமைப்பில் பின்வரும் கூறுகள் குறிப்பிடத்தக்கவை.

இயந்திரம் மின்கலத்தில் இயங்குகிறது. எனவே மின்வசதி இல்லாத ஊர்களிலும் பயன்படுத்தலாம். மின்கலத்தைக் கழற்றினாலும் பதிவான வாக்குகள் நினைவகத்தில் நிலைத்திருக்கும்.

ஒரு நிமிடத்தில் 5 வாக்குகளுக்கு மேல் பதிவு செய்ய இயலாது. சாவடியைக் கைப்பற்றியவர்கள் 300 கள்ள வாக்குகளைப் பதிய வேண்டுமெனில், குறைந்தது ஒரு மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். அதற்குள் காவலர்கள் வந்து சேர வாய்ப்பு உண்டு. முடித்தல் பொத்தானை அலுவலர் அழுத்திவிட்டால் அதன்பின் ஒரு வாக்கும் பதிவாகாது.

இயந்திரம் எந்தக் கணினி வலையமைப்புடனும் இணைக்கப்படுவதில்லை. தொலைவிலிருந்து இணையம் வழியாக ஊடுருவுவதற்கு இதனால் வழியில்லை.

இயந்திரத்தின் நிரல் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சில்லில் பதிக்கப்படுகிறது. தயாரித்தபின் அதனை மாற்றி எழுத முடியாது.

தொடக்ககால இயந்திரங்களில் ஒரு வாக்களிக்கும் கருவியில் 16 வேட்பாளர்களின் பெயர்கள் இடம்பெறும். இத்தகைய 4 கருவிகளை இணைத்து 64 பேர் வரை வாக்குப்பதிவு நடத்தலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் போட்டியிட்டனர். அங்கு வாக்குச்சீட்டு ஒரு புத்தகம் போலவே அச்சிடப்பட்டது. அத்தகைய தேர்தலை இவ்வியந்திரத்தால் நடத்தியிருக்க இயலாது.

பரவூர் வழக்கு

1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரத்தை எதிர்த்துத் தேர்தலுக்கு முன்பே கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் தலையிட மறுத்தது. தேர்தலில் சிவன் பிள்ளை 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோல்வியுற்ற காங்கிரசு வேட்பாளர் ஏ. சி. ஜோஸ் அம்முடிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். இயந்திரத்தை எதிர்த்தவர் அதனால் வென்று அதன் முடிவைக் காக்க வேண்டியவராகவும், எதிர்க்காதவர் தோற்று அதனைக் குறைகூறுபவராகவும் மாறினர். இந்நிலை பிற்காலத்தில் வேறு பல தேர்தல்களிலும் திரும்ப நிகழ்ந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 1984 மார்ச்சு 5 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, இயந்திரம் பழுதானது என்று கூறவில்லை. வாக்குச்சீட்டையே சட்டம் குறிப்பிடுவதால், சட்டத்தைத் திருத்தாமல் ஆணையம் தன் அதிகாரத்தால் மட்டும் இயந்திரத்தைக் கொண்டுவர இயலாது என்று கூறியது. 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு மூலம் மறுவாக்குப்பதிவு நடந்தது. அதில் ஜோஸ் வெற்றி பெற்றார்.

சட்டத் திருத்தமும் பயன்பாடும்

1988 திசம்பரில் நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61அ பிரிவைச் சேர்த்தது. 1989 மார்ச்சு 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 1990இல் தினேசு கோசுவாமி தலைமையிலான தேர்தல் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, பேராசிரியர் எஸ். சம்பத் தலைமையில் தொழில்நுட்ப வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. இயந்திரம் தொழில்நுட்ப அளவில் ஏற்புடையது என அக்குழு கருத்துத் தெரிவித்தது. எனினும் கட்சிகளிடையே உடன்பாடு எட்டப்படாததால் இயந்திரங்கள் பல ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் இருந்தன. ரங்கராஜன் ஓய்வு பெற்ற பின்னர், 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், இராசத்தான், தில்லி ஆகியவற்றில் 16 சட்டமன்றத் தொகுதிகளில் அவை மீண்டும் களத்திற்கு வந்தன.

2004ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் 543 தொகுதிகளிலும், 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட இயந்திரங்களைக் கொண்டு வாக்குப்பதிவு நடந்தது. அப்போது ரங்கராஜன் உயிருடன் இருந்தார். அவருடைய கல்லூரித் தோழர் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தார்.

தமிழ்நாட்டில்

2001 மே 10 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில், தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. இராயபுரம், துறைமுகம், இராதாகிருட்டிணன் நகர், திருவொற்றியூர் ஆகிய வடசென்னைத் தொகுதிகளில், மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், எண்ணூர் ஆலைத் தொழிலாளர்கள் எனப் பலதரப்பட்ட வாக்காளர்களும் சட்டமன்றத் தேர்தலில் முத்திரைக்குப் பதிலாகப் பொத்தானைப் பயன்படுத்தினர். பெயரின் அருகே சின்னமும் இருப்பதால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பிறர் உதவியின்றி வாக்களிக்க முடிந்தது. முத்திரை தவறி விழுவதால் வாக்கு செல்லாததாகும் நிலை நீங்கியது.

அத்தேர்தலுக்கு முன் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம், இயந்திரத்தில் முறைகேடு செய்ய இயலும் எனக் கூறிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2001 ஏப்ரலில் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. அடுத்த மாதம் வெளிவந்த முடிவுகளில் அக்கட்சியின் கூட்டணியே பெரும் வெற்றி பெற்று ஆட்சியமைத்தது.

இறுதிக் காலம்

ஓய்வுக்குப் பின் ரங்கராஜன் முழுநேர எழுத்தாளராக விளங்கினார். அம்பலம் என்ற இணைய இதழின் ஆசிரியராக இருந்தார். பாரதி திரைப்படத்தைத் தயாரித்த மீடியா டிரீம்ஸ் நிறுவனத்திலும் பங்கேற்றார். ரோஜா, இந்தியன், முதல்வன், கன்னத்தில் முத்தமிட்டால், அந்நியன், சிவாஜி முதலிய படங்களுக்கு உரையாடல் எழுதினார். இவற்றுள் இந்தியன், முதல்வன் ஆகியவை ஊழலையும் அரசு நிருவாகத்தையும் கருப்பொருளாகக் கொண்டவை.

உடல்நலக் குறைவால் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ரங்கராஜன், 2008 பெப்ரவரி 27 அன்று தமது 72ஆம் வயதில் காலமானார். அவருக்கு மனைவியும் இரு மகன்களும் இருந்தனர். அவர் உரையாடலில் பங்களித்த எந்திரன் திரைப்படம் மறைவுக்குப் பின் 2010இல் வெளிவந்தது.

மறைவுக்குப் பிந்தைய பாதுகாப்பு வாதங்கள்

2010 ஆய்வு

ரங்கராஜன் மறைந்து இரு ஆண்டுகளுக்குப் பின், 2010இல் ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் அரி பிரசாத், அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சு ஆல்டர்மேன், நெதர்லாந்தின் ரோப் கோங்கிரிப் ஆகியோரைக் கொண்ட குழு, உண்மையான இந்திய இயந்திரம் ஒன்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. இயந்திரத்தைக் கையில் எடுத்துத் திறக்க வாய்ப்புள்ள ஒருவரால் இரு வகைகளில் முடிவை மாற்ற இயலும் என அக்குழு செய்து காட்டியது.

முதலாவது, கட்டுப்பாட்டுக் கருவியின் எண்களைக் காட்டும் பலகையை அகற்றி, அதேபோல் தோற்றமளிக்கும் வேறொரு பலகையைப் பொருத்துதல். உள்ளே பதிவான எண்ணிக்கை சரியாக இருந்தாலும், வெளியே காட்டப்படும் எண் பொய்யாக இருக்கும். இரண்டாவது, வாக்குகள் சேமிக்கப்படும் நினைவகச் சில்லின் மீது சிறிய கருவி ஒன்றைக் கவ்வச் செய்து, வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட நாட்களில் பதிவுகளை மாற்றுதல். நிரலைப் படித்துப் பார்க்கவே முடியாத சில்லில் வைப்பது இருமுனைக் கத்தி என்றும் அவ்வறிக்கை சுட்டியது. திருடன் அந்நிரலை மாற்ற முடியாது என்பது உண்மையே. ஆனால் ஆலையில் பதிக்கப்பட்ட நிரல், பொறியாளர்கள் எழுதிக் கொடுத்த அதே நிரல்தானா என்பதைத் தேர்தல் ஆணையமும் சரிபார்க்க இயலாது.

ஆய்வு செய்யப்பட்ட இயந்திரம் அரசின் கிடங்கிலிருந்து திருடப்பட்டது என்ற குற்றச்சாட்டில் 2010 ஆகத்தில் அரி பிரசாத் கைது செய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டார். முத்திரை, காவல், முகவர்களின் கண்காணிப்பு ஆகியவை சூழ்ந்திருக்கும் உண்மையான தேர்தலில் இத்தகைய தாக்குதல்கள் இயலாதவை என்பது ஆணையத்தின் நிலைப்பாடாகும்.

நடைமுறைப் பாதுகாப்பு

இயந்திரத்தின் பாதுகாப்பு சில்லில் மட்டும் அடங்குவதன்று. எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்குச் செல்லும் என்பது கணினி மூலம் குலுக்கல் முறையில் இரு கட்டங்களாக முடிவு செய்யப்படுகிறது. வாக்குப்பதிவு தொடங்கும் முன் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தப்படுகிறது. மாலையில் பதிவான மொத்த வாக்குகளின் எண்ணிக்கை 17சி படிவத்தில் எழுதப்பட்டு, அதன் படி முகவர்களுக்கு வழங்கப்படுகிறது. முகவர்கள் முத்திரைத் தாள்களில் கையொப்பமிடுகின்றனர். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தம் அப்படிவத்துடன் ஒப்பிடப்படுகிறது.

கூடுதலாக வாக்குகளைச் சேர்ப்பதை இம்முறை எளிதில் வெளிப்படுத்தும். ஆனால் மொத்தம் மாறாமல், ஒருவருக்கு விழுந்த வாக்கை மற்றொருவருக்கு மாற்றினால் படிவத்தால் மட்டும் அதனைக் கண்டறிய இயலாது. வாக்காளர் அழுத்திய பொத்தானுக்கும் நினைவகத்தில் பதிவான எண்ணுக்கும் இடையே, மனிதக் கண்ணால் பார்க்கத்தக்க சான்று எதுவும் தொடக்ககால வடிவமைப்பில் இல்லை. பாதுகாப்பு வாதங்களின் மையம் இதுவே.

பிற நாடுகளில்

செருமனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சு 3 அன்று, அந்நாட்டில் பயன்படுத்தப்பட்ட நெடாப் வகை வாக்குப்பதிவுக் கணினிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என அறிவித்தது. தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க இயல வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. நெதர்லாந்தும் அயர்லாந்தும் அதே காலப்பகுதியில் இவ்வகைக் கணினிகளைக் கைவிட்டன. அக்கணினிகள் இந்திய இயந்திரத்தினின்றும் அமைப்பில் வேறுபட்டவை. எனினும் குடிமகனின் சரிபார்க்கும் உரிமை குறித்த வினா இரண்டுக்கும் பொதுவானதாகும்.

ஒப்புகைச் சீட்டு

இக்குறையை நீக்க, வாக்காளர் சரிபார்க்கும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் இணைக்கப்பட்டது. வாக்களித்ததும் வேட்பாளரின் பெயர், வரிசை எண், சின்னம் ஆகியவை அச்சிடப்பட்ட சீட்டு, கண்ணாடி வழியே 7 விநாடிகள் தெரிந்து, மூடிய பெட்டிக்குள் விழும். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் இது முதன்முறையாகப் பயன்பட்டது. சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நேர்மையான தேர்தலுக்குத் தாள் சான்று இன்றியமையாதது எனக் கூறி, அதனைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது.

2019 நாடாளுமன்றத் தேர்தல் முதல், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படும் 5 சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்பட்டு, இயந்திரத்தின் முடிவுடன் ஒப்பிடப்படுகின்றன. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் அல்லது வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில், சின்னங்களைப் பதிவேற்றும் கருவிகளை முத்திரையிட்டுக் குறைந்தது 45 நாட்கள் பாதுகாக்குமாறு உத்தரவிட்டது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்து மூலம் கோரி, செலவை ஏற்றால், ஒரு தொகுதியில் 5 விழுக்காடு இயந்திரங்களின் சில்லுகளைச் சரிபார்க்கலாம் எனவும் வழிவகுத்தது.

வடசென்னை எடுத்துக்காட்டு

2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியில் திருவொற்றியூர், இராதாகிருட்டிணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு. வி. க. நகர், இராயபுரம் ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியுள்ளன. மேற்கண்ட விதிப்படி இத்தொகுதி முழுவதிலும் 30 சாவடிகளின் சீட்டுகள் மட்டும் எண்ணி ஒப்பிடப்படும். ஏனைய சாவடிகளின் சீட்டுகள் முத்திரையிட்ட நிலையில் பாதுகாக்கப்படும்.

இயந்திரத்தின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டியது இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தல் ஆகும். முதலமைச்சர் ஜெயலலிதா 2016 திசம்பர் 5 அன்று மறைந்ததால் காலியான இத்தொகுதியில், 2017 ஏப்ரல் 12 அன்று தேர்தல் நடைபெறுவதாக இருந்தது. வாக்காளர்களுக்குப் பணம் வழங்கப்பட்டதாக எழுந்த புகார்களையும் வருமான வரித்துறையின் சோதனைகளையும் அடுத்து, வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன் ஆணையம் தேர்தலை நீக்கியது. மீண்டும் 2017 திசம்பர் 21 அன்று வாக்குப்பதிவு நடந்தது. 59 வேட்பாளர்கள் களத்தில் இருந்தனர். எவருக்கும் வாக்கில்லை என்ற பொத்தானையும் சேர்த்து 60 பொத்தான்கள் தேவைப்பட்டதால், ஒவ்வொரு சாவடியிலும் 4 வாக்களிக்கும் கருவிகள் வரிசையாக வைக்கப்பட்டன. இராணி மேரி கல்லூரியில் எண்ணிக்கை நடந்தது. சுயேச்சை வேட்பாளர் டி. டி. வி. தினகரன் வென்றார். ஆளுங்கட்சி வேட்பாளர் தோல்வியுற்றார்.

ஏப்ரல் மாதத்தில் அத்தேர்தல் நீக்கப்பட்டமைக்கு இயந்திரத்தின் பழுது காரணமன்று. ஒரு நிமிடத்தில் 5 வாக்கு என்ற கட்டுப்பாடு சாவடிக்குள் நுழையும் கும்பலைத் தடுக்கும். வாக்காளரின் வீட்டுக்கு வரும் பணத்தை அது தடுக்காது.

மதிப்பீடு

ரங்கராஜன் பங்காற்றிய இயந்திரம், அது எழுந்த காலத்தின் சிக்கல்களுக்கு விடையாக அமைந்தது. சாவடிக் கைப்பற்றல், செல்லாத வாக்குகள், எண்ணுவதில் தாமதம் ஆகியவற்றை அது பெருமளவு குறைத்தது. இயந்திரத்தைக் கையாள்வோரே நம்பிக்கைக்கு உரியவர்களா என்ற வினாவுக்கு, அதன் முதல் வடிவமைப்பில் விடை இருக்கவில்லை. அவ்விடையைத் தாள் சீட்டு, முகவரின் கையொப்பம், நீதிமன்ற ஆணை ஆகியவை பிற்காலத்தில் ஓரளவு வழங்கின. இயந்திரம் வாக்குச்சீட்டை அகற்றப் புறப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு சீட்டு அதன் அருகிலேயே வந்து அமர்ந்தது.

தமிழ் வாசகர்கள் சுஜாதாவைப் பெரும்பாலும் எழுத்தாளராகவே நினைவுகூர்கின்றனர். எண்ணூர் முதல் கன்னியாகுமரி வரை ஒவ்வொரு சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நாளிலும் கோடிக்கணக்கானோர் அழுத்தும் பொத்தானின் பின்னால் அவருடைய உழைப்பும் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அறிவியலில் எதனையும் ஏன், எதற்கு, எப்படி என்று வினவுமாறு ஒரு தலைமுறை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவ்வினாக்கள் அவர் உருவாக்கத்தில் பங்கேற்ற இயந்திரத்திற்கும் பொருந்துவனவாகும்.